பக் மாட்யூல் சிப்பை மறுபடி சால்டர் செய்து சரிபண்ணுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக் மாட்யூல் என்பது டிசி வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் தீப்பெட்டியில் பாதி அளவுள்ள நீலப் போர்டு. அதன் மேல் ஒரு காயில், இரண்டு கண்டன்சர், பக்கத்தில் பித்தளைத் திருகு வைத்த நீலநிறப் பிரீசெட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர், வோல்டேஜை வைப்பது இதனால்தான்), நடுவில் எல்எம்2596 என்று எழுதிய கறுப்புச் சிப். கரண்ட் போகும் நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ரவுட்டரை ஓட்டவும், சோலார் பேனலிலிருந்து போன் சார்ஜ் செய்யவும், பழைய ரேடியோவுக்கு 6 வோல்ட் கொடுக்கவும் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள். நூறு ரூபாய் வாக்கில் கிடைக்கும் பொருள். கொஞ்ச நாள் ஓடிவிட்டு நின்றதும் என்னிடம் கொண்டுவருவார்கள். வருகிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த மாட்யூல் என்னதான் பண்ணுது? உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மரா இருக்கு?

டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. இதற்குள் போவதும் டிசி, வெளியே வருவதும் டிசி. சிப்புக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது வினாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை திறந்து மூடும். அப்படித் துண்டு துண்டாக வரும் கரண்ட்டைக் காயிலும் கண்டன்சரும் சேர்ந்து சமப்படுத்துகின்றன. சுவிட்ச் மூடியிருக்கும் நேரம் கூடினால் வோல்டேஜ் கூடும், குறைந்தால் குறையும். வீணாகும் சக்தி குறைவு என்பதால்தான் 12 வோல்ட்டை 5 ஆக்கும்போதும் இது கொதிப்பதில்லை.

சிப்புக்கு ஐந்து கால்கள், முதுகுப் பக்கம் ஓர் அகலமான உலோகத் தகடு. முதல் கால் உள்ளே வரும் கரண்ட். இரண்டாவது வெளியே போகும் கரண்ட். மூன்றாவது கிரவுண்ட், தகடும் அதனுடன் சேர்ந்ததே. நான்காவது ஃபீட்பேக். ஐந்தாவது ஆன்/ஆஃப், இந்த மாட்யூல்களில் அதைக் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள். இவற்றில் நான்காவது காலைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலில் 1.23 வோல்ட் இருக்கிறதா என்று சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். குறைந்தால் வெளியே போவதைக் கூட்டும், கூடினால் குறைக்கும். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

சிப் செத்துப்போச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க. சால்டர் வெச்சா உயிர் வருமா?

சிப் உண்மையிலேயே செத்திருந்தால் வராது. ஆனால் செத்ததாகச் சொல்லி என் மேசைக்கு வந்தவற்றில் நிறைய மாட்யூல்களில் சிப் நன்றாகவே இருந்தது. பிடி விட்டது சால்டர். டிரை சால்டர் என்று சொல்கிறோமே, அதுதான்.

மலிவு மாட்யூலில் இது வர நல்ல காரணம் இருக்கிறது. சிப்பின் தகடு உட்காரும் இடத்தில் தாமிரப் பரப்பு பெரியது. அது சூட்டை வாங்கி வாங்கிப் பரப்பிவிடும். தொழிற்சாலை அடுப்பில் போர்டு அவசரமாக ஓடியிருந்தால் சின்னக் கால்களில் ஈயம் உருகி ஒட்டிவிடும், தகட்டுக்கு அடியில் பாதிதான் உருகியிருக்கும். வெளியே பார்த்தால் விளிம்பில் பளபளவென்று ஈயம் தெரியும், உள்ளே வெற்றிடம். அப்புறம் தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒருநாள் விட்டுவிடும். கால்களிலும் இது நடக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி முடி போல ஒரு கறுப்பு வட்டம் தெரியும். ஈயத்தின் மேற்பரப்பும் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்தது போல இருக்கும்.

அப்போ எது டிரை சால்டர், எது செத்த சிப்? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விட்டு விட்டு வேலை செய்தால் பெரும்பாலும் சால்டர்தான். சப்ளை கொடுத்து, வெளிப்பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சியால் சிப்பை மெதுவாக அழுத்துங்கள். பிறகு ஒவ்வொரு காலையும் பல் குத்தும் குச்சியால் லேசாகத் தள்ளுங்கள். எண் துள்ளினால் ஆள் அகப்பட்டார். ஸ்க்ரூடிரைவரால் இதைச் செய்யாதீர்கள். இரண்டு கால்களை இணைத்துவிட்டால் நல்ல சிப்பும் போய்விடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மாட்யூல் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும், ஆறியதும் தானாகவே திரும்ப ஓடும். இந்தச் சிப்புக்குள் சூட்டுப் பாதுகாப்பு இருக்கிறது. தகட்டின் அடியில் ஈயம் இல்லையென்றால் கிரவுண்ட் இணைப்பு மூன்றாவது கால் வழியாகக் கிடைத்துவிடும், ஆனால் சூடு இறங்க வழியிருக்காது. அதனால் சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நின்ற நேரத்தில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைச் சிப்பின் மேல் வைத்துப் பாருங்கள். உடனே ஓடத் தொடங்கினால் தகட்டைத்தான் கவனிக்க வேண்டும்.

செத்த சிப்பைக் கண்டுபிடிக்க சப்ளையை எடுத்துவிட்டு, கண்டன்சர்கள் காலியாக ஒரு நிமிடம் விட்டு, மீட்டரைப் பீப் சத்தத்தில் வையுங்கள். முதல் காலுக்கும் இரண்டாவது காலுக்கும் நடுவே புரோப்களை எந்தப் பக்கம் மாற்றி வைத்தாலும் பீப் வந்தால் உள்ளே சுவிட்ச் ஷார்ட். அதைச் சால்டர் காப்பாற்றாது. இரண்டாவது காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரு பக்கமும் பீப் வந்தால் முதலில் சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். பக்கத்தில் எஸ்எஸ்34 அல்லது எஸ்எஸ்54 என்று எழுதிய டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். சப்ளையில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்த மாட்யூல் என்றால் மட்டும் சிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்னென்ன சாமான் வேணும்?

40 முதல் 60 வாட் வரையுள்ள சால்டரிங் அயர்ன், உளி போலத் தட்டையான முனை, ஈயக்கம்பி, நல்ல ஃப்ளக்ஸ், அதிகப்படி ஈயத்தை உறிஞ்சத் தாமிர விக், மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி. சூடு மாற்றும் ஸ்டேஷன் இருந்தால் 350 டிகிரியில் வையுங்கள். ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கும் கருவி) இருந்தால் நல்லது, இல்லாமலும் முடியும்.

எந்த ஈயம்? எந்த பேஸ்ட்? வீட்ல இருக்கிற பேஸ்ட்டைப் போடலாமா?

வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த கம்பியே கைவேலைக்கு எளிது. 190 டிகிரிக்குள்ளேயே முழுசாக உருகிவிடும். காரீயம் கலக்காத வகை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், பெரிய தகட்டில் கை பழகாதவருக்கு அது சிரமம். போர்டில் ஏற்கனவே இருப்பது காரீயம் இல்லாத வகையாக இருக்கலாம். புது ஈயத்தைத் தாராளமாகச் சேர்த்து உருக்கி, விக்கால் எடுத்துவிட்டு, திரும்பப் புதிதாகப் போட்டால் கலவை சரியாகிவிடும்.

ஃப்ளக்ஸ் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். முன்பெல்லாம் தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர், காய்ச்சிய பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவித் துணியால் ஒரு தேய் தேய்ப்பார். அழுக்கும் களிம்பும் அகன்ற அந்தக் கணத்தில் ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடி ஒட்டும். ஃப்ளக்ஸ் செய்வதும் அதே வேலை. ஆனால் நவச்சாரம், குழாய் வேலைக்கான அமில பேஸ்ட் இரண்டையும் போர்டில் போடக் கூடாது. கழுவினாலும் மிச்சம் தங்கி, சில மாதங்களில் தாமிரத்தைப் பச்சையாக அரித்துவிடும். எலக்ட்ரானிக்ஸுக்கு என்றே விற்கும் ரோசின் ஃப்ளக்ஸ் போதும்.

சரி, செய்முறை சொல்லுங்க. எங்கே தொடங்கறது?

ஜன்னலைத் திறந்து வைத்து, மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஃபேன் காற்றில் தகடு சூடே ஏறாது. போர்டைப் பழைய டூத் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் வைத்துத் துடையுங்கள். தகட்டின் விளிம்பிலும் ஐந்து கால்களிலும் ஃப்ளக்ஸ் பூசுங்கள்.

முதலில் தகடு. அயர்ன் முனையில் சிறிது ஈயத்தை ஏற்றி, தகடும் போர்டின் தாமிரமும் சேரும் மூலையில் முனையைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். பத்து வினாடிபோல எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். கையை எடுக்காதீர்கள். பழைய ஈயம் திடீரென்று கண்ணாடி போலப் பளபளக்கும். அப்போது புது ஈயக்கம்பியை அயர்னில் தொடாமல் தகட்டின் விளிம்பில் தொடுங்கள். அது உருகி, சொட்டாக நிற்காமல் தகட்டின் அடியில் உறிஞ்சப்பட்டு மறைந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் கொடுங்கள். உள்ளே போவது நின்று விளிம்பில் சரிவாகத் தேங்கியதும் நிறுத்துங்கள். ஈயம் இறுகும் வரை போர்டு அசையக் கூடாது. அசைந்தால் நீங்களே ஒரு புது டிரை சால்டரை உண்டாக்கிவிடுவீர்கள்.

முழுக்க ஆறிய பிறகு கால்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வினாடி போதும். கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் போட்டுவிட்டால் பதற வேண்டாம். அதன் மேல் ஃப்ளக்ஸ் பூசி, விக்கை வைத்து அழுத்தினால் உறிஞ்சிவிடும். கடைசியில் ஃப்ளக்ஸைக் கழுவி, பக்கத்துப் பக்கத்துக் கால்களை மீட்டரால் சோதியுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். காரீயம் உடம்புக்குக் கெடுதி, குழந்தைகளுக்கு இன்னும் கெடுதி.

என்கிட்ட 25 வாட் அயர்ன்தான் இருக்கு. தகடு சூடே ஆக மாட்டேங்குது.

ஆகாது. கால்களுக்கு 25 வாட் போதும், தகட்டுக்குப் போதாது. ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் தகட்டின் ஈயம் உருகும் முன்பே போர்டின் தாமிரம் பிய்ந்துவிடும். யாரிடமாவது 60 வாட் அயர்னை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹேர் டிரையரால் போர்டை நன்றாகச் சூடுபண்ணிக்கொண்டே செய்யலாம். சமையலறைத் தோசைக்கல்லை மட்டும் இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். காரணம் மேலே சொன்ன காரீயம்தான்.

முடிச்சாச்சு. நேரா ரவுட்டர்ல மாட்டிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிலில் சொன்ன நான்காவது காலை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலோ, அதற்குச் செய்தி கொண்டுவரும் பிரீசெட்டின் காலோ போர்டை விட்டுப் பிரிந்திருந்தால், வெளியே எவ்வளவு போகிறது என்ற செய்தி சிப்புக்குக் கிடைக்காது. குறைவாகப் போகிறது என்று எண்ணி முழுசாகத் திறந்துவிடும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பேட்டரியின் 12 வோல்ட்டும் ஏறக்குறைய அப்படியே வரும். என் தம்பி வீட்டு மாட்யூலில் தகட்டை அழகாகச் சால்டர் செய்துவிட்டு, வெளிப்பக்கம் 5.02 என்று பார்த்ததும் ரவுட்டரை மாட்டினேன். வயரை ஒதுக்கி வைக்கும்போது பிரீசெட் லேசாக அசைந்தது. ரவுட்டரின் எல்லா விளக்கும் ஒரு கணம் பிரகாசமாகி அணைந்தன. அத்தோடு சரி. பிரீசெட்டின் கால் ஒன்றில் ஈயம் விரிந்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மாதக் கடைசியில் தம்பி புது ரவுட்டர் வாங்க வேண்டியதாயிற்று.

அதனால் இப்போது செய்வது இப்படி: சப்ளைக்கும் மாட்யூலுக்கும் நடுவே பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பைத் தொடராக மாட்டிவிடுவேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மாட்யூல் பிழைக்கும். பல்பு எரியவில்லையென்றால் வெளிப்பக்கம் எதுவும் மாட்டாமல் 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை மாட்டுவேன். அது அரை ஆம்பியர் இழுக்கும். அந்த நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே பிரீசெட், காயில், ஒவ்வொரு கால் என்று குச்சியால் தட்டிப் பார்ப்பேன். எண் இம்மியும் அசையக் கூடாது. அதன் பிறகுதான் ரவுட்டர்.

பிரீசெட்டைப் பத்து சுத்து திருகிட்டேன், வோல்டேஜ் மாறவே இல்லை. பிரீசெட் போயிடுச்சா?

பெரும்பாலும் போகவில்லை, நீங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. இது பல சுற்றுப் பிரீசெட், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 25 சுற்று வரும். மதிப்பு 10 கிலோ ஓம், அதோடு சேர்ந்து நிற்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் 330 ஓம். கணக்குப் போட்டால், 12 வோல்ட் வெளியே வர ஏறக்குறைய 2,900 ஓம் போதும். அதற்கு மேல் 10,000 வரைக்கும் எங்கே இருந்தாலும் சிப் முழுசாகத் திறந்துதான் இருக்கும். உள்ளே வரும் 12 வோல்ட்டுக்கு மேல் கொடுக்க அதனால் முடியாதே. அந்தக் கோடியில் தொடங்கினால் முதல் 17, 18 சுற்றுக்கு மீட்டரில் பெரிதாக எதுவும் தெரியாது. இடஞ்சுழியாகப் பொறுமையாகத் திருகுங்கள். திடீரென்று இறங்கத் தொடங்கும். 5 வோல்ட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 1,010 ஓம்.

25 சுற்றையும் தாண்டி, உள்ளே டிக் டிக் என்று கோடிக்குப் போன சத்தமும் கேட்டு, அப்போதும் மாறவில்லையென்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

ஒண்ணுல உள்ளே வர்றதே வெளியே வருது. இன்னொண்ணுல 1.2 வோல்ட்லயே நிக்குது. ரெண்டும் ஒரே கோளாறா?

இரண்டும் ஃபீட்பேக் பக்கத்துக் கோளாறு, ஆனால் எதிரெதிர். உள்ளே வருவதே வெளியே வந்தால், பிரீசெட்டின் பக்கம் விட்டிருக்கிறது, அல்லது மூன்றாம் பதிலில் சொன்ன மாதிரி சுவிட்ச் ஷார்ட். மீட்டர் வைத்து இரண்டையும் பிரித்துக் கண்டுபிடித்துவிடலாம். 1.23-இல் நின்றால் அந்த 330 ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை விட்டிருக்கும். அல்லது பிரீசெட் ஒரு கோடியில் நிற்கிறது. 1.23 வருகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அந்தச் சின்ன ரெசிஸ்டரின் இரு முனையிலும் ஃப்ளக்ஸ் வைத்து அயர்னால் தொட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

சிப்பை மாத்தியே ஆகணும்னா எப்படிக் கழட்டறது?

ஹாட் ஏர் இல்லாதவர்கள் பழைய சிப்பைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். கூரான கட்டரால் ஐந்து கால்களையும் உடம்பை ஒட்டி நறுக்குங்கள். பிறகு தகட்டில் நிறைய ஈயம் சேர்த்துச் சூடேற்றி, மிதக்கத் தொடங்கியதும் இடுக்கியால் பக்கவாட்டில் நகர்த்துங்கள், மேல்நோக்கி இழுக்காதீர்கள். மிச்சமுள்ள கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, விக்கால் தளத்தைச் சமமாக்குங்கள். புதிதாக வாங்குவது ஏடிஜே (ADJ, வோல்டேஜை மாற்றக்கூடியது) என்று முடியும் வகையாக இருக்க வேண்டும். 3.3, 5, 12 என்று முடிபவை நிலையான வோல்டேஜ் வகைகள், பிரீசெட்டோடு ஒத்துப்போகாது.

புதுசா வாங்கின சிப்பும் கொதிக்குது. சால்டர் சரியில்லையா?

தகட்டில் ஈயம் உள்ளே போனதை நீங்கள் கண்ணால் பார்த்திருந்தால் சால்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். சிப் போலியாக இருக்கலாம். உண்மையான எல்எம்2596 ஓடுவது 150 கிலோஹெர்ட்ஸில். மலிவு மாட்யூல்களில் வரும் பல சிப்கள் 50 கிலோஹெர்ட்ஸ் வாக்கில்தான் ஓடுகின்றன, பழைய எல்எம்2576-இன் வேகம் அது. அந்த வேகத்துக்குப் பெரிய காயில் வேண்டும். போர்டில் இருப்பதோ 33 அல்லது 47 மைக்ரோஹென்ரி. கரண்ட் ஏறி இறங்கும் அளவு கூடி, காயிலும் சிப்பும் சுடுகின்றன. சில மீட்டர்களில் ஹெர்ட்ஸ் அளக்கும் வசதி இருக்கும். லோடு மாட்டிய நிலையில் இரண்டாவது காலில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு மற்றவற்றை வாங்குங்கள்.

விளம்பரத்தில் 3 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். ஹீட் சிங்க் இல்லாமல் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் நான் நம்புவதில்லை. கரண்ட் உள்ளே வரும் பக்கத்துக் கண்டன்சரில் எழுதியிருப்பதையும் படியுங்கள். சிப் 40 வோல்ட் வரை தாங்கும், ஆனால் கண்டன்சரில் 35 என்று எழுதியிருந்தால் 30-ஐத் தாண்டாதீர்கள்.

என் ரவுட்டர் 12 வோல்ட். பேட்டரியும் 12 வோல்ட். சரிபண்ணின மாட்யூல்ல 11 கூட வர மாட்டேங்குது.

மாட்யூலில் கோளாறு இல்லை. இது குறைக்க மட்டுமே தெரிந்த வகை. குறைக்கும்போது சிப்புக்குள்ளேயே லோடைப் பொறுத்து ஒரு வோல்ட் வரை போய்விடும். உள்ளே வருவது வெளியே வேண்டியதைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது கூட்டவும் குறைக்கவும் தெரிந்த வேறு வகை மாட்யூல்.

இதே மாதிரி சுவத்துல மாட்டற 230 வோல்ட் அடாப்டரையும் பிரிச்சு சால்டர் வைக்கலாமா?

பழக்கமில்லாதவர் வைக்கக் கூடாது. மேலே சொன்னதெல்லாம் 12 வோல்ட் பேட்டரி வேலை, தவறினால் போவது பொருள். சுவர் அடாப்டருக்குள் 230 வோல்ட் ஏசி, டிசியாகும்போது 325 வோல்ட் வரை ஏறி ஒரு கண்டன்சரில் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம். பேட்டரியால் ஓடும் வேலையில் குச்சியால் தட்டிப் பார்ப்பது போல அங்கே தட்டிப் பார்க்க முடியாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரிடம் சீரீஸ் பல்பும், கண்டன்சரைக் காலி செய்யும் ரெசிஸ்டரும் இருக்கும்.

எப்போ விட்டுடணும்?

போர்டின் தாமிரத் தடம் கையோடு பிய்ந்து வந்துவிட்டால். போர்டு கருகி, நகத்தால் சுரண்டினால் கரி வந்தால். சிப்பும் டயோடும் சேர்ந்தே ஷார்ட் ஆகியிருந்தால். இரண்டு தடவை சரிசெய்தும் தட்டும்போது எண் அசைந்தால். அப்படிப்பட்ட மாட்யூலை 5 வோல்ட் சாமானுக்கு முன்னால் நான் வைக்க மாட்டேன். காயில், பிரீசெட், நல்ல கண்டன்சர் மூன்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த மாட்யூல் வரும்போது பிரீசெட் தேடிக் கடைக்குப் போக வேண்டியிருக்காது.